எட்டு வார மாத்திரையும் ஒரு கிளாஸ் ஸ்டவுட்டும்

விக்னேஸ்வரிக்குத் தன் கணவன் மேல் எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். திருமாறன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை, வேறு எந்தக் கிளைக் கதையும் அவனுக்குக் கிடையாது. மலைமேல் இருக்கும் திரிங்காப் காய்கறித் தோட்டங்களின் முட்டைக்கோஸையும் தக்காளியையும் லோரியில் ஏற்றிக் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டு வருகிறவன். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், மற்ற நாட்களில் வீட்டுச் சமையல் அவன் பொறுப்பு. அவன் மிளகாய்ச் சம்பால் இடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பசி எடுக்கும். பத்தொன்பது வருடத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது இரண்டே முறைதான். அதில் ஒருமுறை அவள் பாம்பை மிதிக்கப் போயிருந்தாள்.

ஆசை மட்டும்தான் எங்கேயோ போய்விட்டது. எந்த மாதம் போனது என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் அவன் லோரி ரிங்லெட் பக்கத்து ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டாலே அவளுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு இருக்கும். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் சோறு சூடாக இருக்கிறதா என்றுதான் யோசனை ஓடியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவனுக்காகச் சிலமுறை இருப்பது போல் காட்டிப் பார்த்தாள். அவன் கண்டுபிடித்துவிட்டான், போர்வையை அவள் மேல் இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

அதன் பிறகு சாக்குகள் வந்தன. குளிர், அசதி, மாதாந்திரத் தொல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக லயத்துச் சுவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். அந்தப் பக்கம் வடிவம்மாள் அக்கா தும்மினால் இந்தப் பக்கம் நூறாயுசு என்று சொல்லலாம். அதற்கும் மேலே மகள் இருந்தாள். அந்த மகள் தனுஜா போன வருடம் மேற்படிப்புக்கு ஈப்போ பக்கம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மிகப் பெரிய சாக்கு பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனதை விக்னேஸ்வரி கலக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மாதமே திருமாறன் முதுகு வலிக்கிறது என்று மெத்தையை ஹாலில் போட்டுக்கொண்டான். முதுகு சரியாகி லோரியில் மூட்டை ஏற்றவும் தொடங்கிவிட்டான். மெத்தை மட்டும் உள்ளே திரும்பவில்லை. பத்து மாதமாயிற்று. காலையில் அவன் அந்த மெத்தையைச் சுருட்டி, கயிறு கட்டி, மூலையில் நிறுத்தி வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அவசரமாக வேறு வேலைக்குப் போய்விடுவாள். சண்டை போட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசலாம். இவ்வளவு மரியாதையாகப் போனவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கூப்பிட்டு, அவன் வந்து, தனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்?

தேயிலை ஃபேக்டரியில் பொட்டலம் கட்டும் பிரிவில் அவளுக்கு வேலை. வருடாந்திரப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று சொன்னதால்தான் ஈப்போவில் டாக்டர் சசிரேகாவிடம் போனாள். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"வீட்டுல நீங்களும் அவரும் எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம் டாக்டர்."

"அதைக் கேக்கல. படுக்கையில எப்படி?"

மேசை மேல் கர்ப்பப்பையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. விக்னேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயது வரைக்கும் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பதில் வருவதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. "ஆசை இல்லாம நிம்மதியா இருக்கறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு மருந்தே வேணாம். உங்களுக்கு இது கவலையா இருக்கா? அதுதான் கேள்வி."

"கவலையாத்தான் இருக்கு டாக்டர். எனக்கு அவர பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதான்..."

அன்றைக்கே மாத்திரை கொடுத்துவிடவில்லை. தைராய்டு பார்த்தார், வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார், மனச்சோர்வு உண்டா, வீட்டில் சண்டை உண்டா என்று துருவினார். இரண்டு முறை வரச்சொன்னார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசினார். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கானது. ஆண்கள் போட்டுக்கொள்வது போல அரை மணியில் வேலை செய்வதில்லை. தினமும் படுக்கப் போகும்போது ஒன்று, மூளையில் மெதுவாக வேலை செய்யும். சிலருக்குக் கொஞ்சம் உதவும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. எட்டு வாரம் பார்த்துவிட்டு மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

"எல்லா ஃபார்மஸியிலயும் இது கிடைக்காது, நான் எழுதி வரவழைச்சுத் தர்றேன். தலை சுத்தும், தூக்கம் வரும். அதனால ராத்திரியில மட்டும் போடணும். முக்கியமா ஒண்ணு. மது கூடவே கூடாது. நீங்க குடிப்பீங்களா?"

விக்னேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அவள் சொன்னதும் லயத்துக் கணக்குப்படி முழு உண்மை. மலைத் தோட்டத்தில் மது என்றால் ஆண்கள் சம்பள நாளில் வாங்கி, குடித்து, வேலியோரம் விழுந்து கிடப்பது. கடையில் பீரோடு அடுக்கியிருந்தாலும் ஸ்டவுட் அந்தக் கணக்கில் சேராது. பிள்ளை பெற்றவளுக்கு, மழையில் நனைந்து கொழுந்து பறித்து வந்தவளுக்கு, ரத்தம் குறைந்தவளுக்கு முட்டையும் சீனியும் அடித்துப் போட்டு ஒரு கிளாஸ் ஸ்டவுட் கொடுப்பார்கள். அந்தக் கறுப்பு பாட்டில் எல்லா வீட்டிலும் ஓமத் தண்ணீருக்கும் தைலத்துக்கும் பக்கத்தில் நிற்கும். கோவில் மாதர் குழுத் தலைவி வடிவம்மாள் அக்கா குடிகாரர்களைத் திட்டத் தொடங்கினால் ரிங்லெட் வரை கேட்கும். அவரும் மாதம் இரண்டு கிளாஸ் போடுகிறவர்தான். போட்டுவிட்டு வந்தே திட்டுவார்.

"வீட்டுக்காரருகிட்ட சொல்லிருங்க" என்று டாக்டர் வாசல்வரை வந்து சொன்னார். விக்னேஸ்வரி தலையை ஆட்டினாள்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் இத்தனை மாதத்துக் குளிரும் அசதியும் பொய் என்றாகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். என்னைத் தொடுவதற்கு என் பெண்டாட்டிக்கு மாத்திரை தேவைப்படுகிறதா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டால்? அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. முதலில் மாத்திரை வேலை செய்யட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். சமையலறை அவன் ராஜ்யம் என்பதால் அங்கே எதையும் ஒளிக்க முடியாது. தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில் வைத்தாள்.

முதல் மூன்று வாரம் தூக்கம்தான் நன்றாக வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு வரிசையில் நிற்கும்போது கண் சொக்கியது. நாக்கு வறண்டது. ஃபேக்டரியில் பொட்டலத்துக்கு நடுவே தன்னையே வேவு பார்த்தாள். ஏதாவது வருகிறதா? இல்லை. இப்போது? இல்லை.

நான்காவது வாரம் ஒரு மாலை திருமாறன் மல்லித்தழை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, அவள் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை வாங்கினான். அவன் விரல்களில் பச்சை மல்லி வாசம். அவன் போன பிறகும் அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். நல்லா இருக்கே என்று நினைத்தாள். அவ்வளவுதான். இருந்தாலும் மறுநாள் ஃபேக்டரியில் அந்த நினைப்பில் இரண்டு பொட்டலத்துக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

திருமாறன் இதையெல்லாம் வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி காலையில் தள்ளாடுகிறாள், மத்தியானம் கொட்டாவி விடுகிறாள், ரத்தம் வேறு குறைவு. ஈப்போ மருந்து சரியில்லை என்று முடிவு கட்டினான். பலகைக்கு அந்தப் பக்கம் போய் வடிவம்மாள் அக்காவிடம் ஆலோசனை கேட்டான். அக்கா ஒரே வார்த்தையில் வைத்தியம் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை அவனுக்கு ஓட்டம் இல்லை. மாலையில் ரிங்லெட் போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் முட்டை உடைத்து, சீனி போட்டு, நுரை பொங்க அடித்து, பெரிய கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினான்.

"குடி. மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு."

"என்னங்க இது, நான் என்ன புள்ளையா பெத்திருக்கேன்?"

"உடம்பு தேற வேணாமா? கன்னம் ஒட்டிப் போச்சு லா."

நுரை ஒட்டிய கரண்டியோடு அவன் நின்ற நிற்பைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு இளகியது. முழுக் கிளாஸையும் குடித்தாள். குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், பொத்தான்களுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினாள். அவன் மருந்து ஒரு பக்கம், டாக்டர் மருந்து ஒரு பக்கம், தேறாமல் எங்கே போய்விடும் என்று நினைத்தாள். லயத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே தூறல் விழும் சத்தம் கேட்டது. பொதுக்கொடியில் ஃபேக்டரிச் சீருடை காய்கிறது. எழுந்து வெளியே போனாள். வெளித் தாழ்வாரத்தில் வடிவம்மாள் அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் மாதர் குழுக் கூட்டம் என்ற பெயரில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விக்னேஸ்வரி கையை உயர்த்திக் கிளிப்பை எடுத்தாள். விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தது. அடுத்த நொடி சீருடையோடு சேர்ந்து தரையில் கிடந்தாள்.

கண் விழித்தபோது முகத்தில் தண்ணீர். தலைமாட்டில் ஐந்து முகம். அவற்றில் மிகவும் பிரகாசமாக இருந்தது வடிவம்மாள் அக்காவின் முகம்.

"பயப்படாதீங்கடி, ஒண்ணுமில்ல. நல்ல சேதிதான்! நான் ரெண்டு வாரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில கண்ணு சொக்குது, எச்சி முழுங்குறா. தனுஜாவுக்குத் தம்பி வரப்போறான்!"

அப்போதுதான் திருமாறன் ஓடிவந்து சேர்ந்தான். கடைசி வாக்கியம் முழுதாக அவன் காதில் விழுந்தது. விழுந்ததை அவள் பார்த்தாள். எழுந்து உட்கார முயன்றாள், உலகம் மறுபடியும் சாய்ந்தது. "பேச முடியல அவளுக்கு" என்றான் அவன். அவளை அள்ளித் தூக்கிக்கொண்டுபோய் லோரியின் முன்சீட்டில் வைத்தான். கூட வருகிறேன் என்று ஏறப்போன வடிவம்மாளை, "வேணாம் அக்கா" என்று ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டான்.

தோட்டத்திலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க வளைவுகள். லோரியில் வாடிய கோஸ் இலை வாசம். தூறலைத் துடைப்பான் வழித்து வழித்துத் தள்ளியது. திருமாறன் பாதையையே பார்த்து ஓட்டினான். விக்னேஸ்வரி சீட்டில் சாய்ந்து, பாதி மூடிய கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லையே. பத்து மாதம் ஹாலில் படுத்தவனுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? ஏதாவது கேட்டுவிடுங்க என்று மனதுக்குள் கெஞ்சினாள். கேட்டால் சொல்லிவிடுவேன். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. மாத்திரை என்ற ஒரு சொல்லைப் புரட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்தது, தலை கதவில் போய் இடித்தது. உடனே அவன் இடது கை நீண்டு வந்து அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டது. கியர் மாற்றும்போது மட்டும் விட்டது. மாற்றியதும் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரொம்பக் குறைவு. கட்டிலில் படுக்கவைத்து, கால்மாட்டை உயர்த்தி, கையில் ஊசி குத்திச் சொட்டுநீர் ஏற்றினார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்தார்கள். பணியில் இருந்த தாதி மோகனா தமிழ்ப் பெண்தான், முப்பது வயதிருக்கும், துருதுருவென்று இருந்தாள். கையில் அட்டையோடு வந்து திரையை இழுத்து மூடினாள்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய நில்லுங்க. அக்காகிட்ட கேள்வி கேக்கணும்."

திருமாறன் நகர்ந்தான். திரை ஓரத்தில் அவன் முதுகு தெரிந்தது. அந்த முதுகு வலிக்கிறது என்று சொல்லித்தான் ஹாலுக்குப் போயிற்று. இப்போது அவன் வெளியே நிற்க, தான் இந்தப் பெண்ணிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டால், தாதிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கோ வேறு ஒரு கதை தெரியும். விக்னேஸ்வரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"மிஸ்ஸி, அவரு இருக்கட்டும். ஏங்க, உள்ள வாங்க."

வந்தான். கட்டில் ஓரத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மருந்து சாப்புடுறீங்க அக்கா?"

"ரத்தத்துக்கு ஒரு மாத்திரை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னொண்ணு, ஆசை வர்றதுக்கு. எனக்கு அவரு மேல ஆசை வரமாட்டேங்குது மிஸ்ஸி. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான். அதுக்காக ஈப்போவுல டாக்டர் குடுத்தாங்க. ஒரு மாசமா போடுறேன். அவருக்குத் தெரியாது." பிறகு அவன் பக்கம் திரும்பி, "இப்பதான் தெரியுது" என்றாள்.

மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட மோகனாவின் புருவம் உயர்ந்தது. "அக்கா, இதோட மது சேந்தா பிரஷர் இப்படித்தான் இறங்கும். குடிச்சீங்களா?"

"சேச்சே! எனக்கு அந்தப் பழக்கமே இல்ல மிஸ்ஸி."

"உண்மையச் சொல்லுங்க."

"கோவில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்."

திருமாறன் மெல்லத் தொண்டையைச் செருமினான். "ஸ்டவுட் குடுத்தேன். முட்டை போட்டு. பெரிய கிளாஸ்."

"அண்ணே, ஸ்டவுட் பீர்தானே!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது மருந்து இல்லியா மிஸ்ஸி?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். மோகனா அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு தாதிக்குரிய குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை, கர்ப்பமும் இல்லை, இரண்டு மணி நேரம் படுத்திருக்கட்டும், காலையில் அந்த டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தது நன்றாகக் கேட்டது.

திருமாறன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்காகவா மாத்திர போட்ட?"

"உங்களுக்காக மட்டும் இல்ல. எனக்கும்தான். எனக்கு அது வேணும்ங்க. முன்ன இருந்துச்சே, அந்த மாதிரி."

அவன் தன் விரல் நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டினான். "எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன். இல்ல, லோரி நாத்தம் புடிக்கலியோன்னு நெனச்சேன். ரெண்டு தடவ சோப்பு மாத்தினேன்."

சோப்பு மாறியதை அவள் கவனித்திருந்தாள். மலிவு விலைக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த இரண்டு சோப்பும் சேர்ந்து அவளை அழவைத்தன.

"மல்லி வாசம் நல்லா இருக்கு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போன வாரம் மோந்து பாத்தேன்."

"அப்படியா?"

"ம்." கேட்க வேண்டியது ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. கேட்டுவிட்டாள். "வடிவக்கா அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன நெனச்சீங்க? பொய் சொல்லக்கூடாது."

திருமாறன் பொய் சொல்லவில்லை. "மொத வளைவு வரைக்கும் கணக்குப் போட்டேன். எந்த மாசம், எந்த நாளுன்னு. ரெண்டாவது வளைவுல உன் தல கதவுல இடிச்சிருச்சு. அப்புறம் கணக்கு வரல. உன் தலதான் ஞாபகம் இருந்துச்சு."

ஒரு வளைவு தூரம். விக்னேஸ்வரி அதை மனதுக்குள் அளந்து பார்த்தாள். அந்தப் பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஊசி இல்லாத கையை.

மறுநாள் காலை டாக்டர் சசிரேகா போனில் எல்லாவற்றையும் கேட்டார். "தப்பு என்னோடதும்தான்மா. மதுன்னு பொதுவா கேட்டேன். பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்" என்றார். ஓய்வெடுத்துவிட்டு வந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, அந்தக் கறுப்பு பாட்டிலைத் தொடுவதில்லை என்ற உறுதிமொழியோடு மாத்திரையைத் தொடரச் சொன்னார். அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து வரும் எல்லாப் பெண்களிடமும் ஸ்டவுட் உண்டா என்று கேட்கிறாராம். பதில்களைக் கேட்டு அவருக்கே தலை சுற்றுகிறதாம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சனிக்கிழமை ஃபேக்டரியில் ஆளுக்கொரு பாட்டில் புளிப்பு ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் அவளைப் பாரம் தூக்காத மேசைக்கு மாற்றினார். இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆரம்பத்தில் அப்படித்தான் மறைக்க வேண்டும் என்று தலையை ஆட்டினார்கள். நெல்லிக்காய் ஊறுகாயை மட்டும் அவளால் மறுக்க முடியவில்லை. அது நன்றாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மிச்சமிருந்த ஒரு பாட்டில் ஸ்டவுட்டை எடுத்துக்கொண்டு விக்னேஸ்வரி பக்கத்து வீட்டுக்குப் போனாள். வடிவம்மாள் அக்கா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டிலை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பிள்ளை இல்ல. மருந்தும் இதுவும் ஒத்துக்கல. அதான் மயக்கம்."

"என்ன மருந்து?"

சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை சொல்லிவிட்டதால் இப்போது நாக்கு தடுக்கவில்லை. வடிவம்மாள் அக்காவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. தலைவி வாயடைத்துப் போனது லயத்து வரலாற்றில் அதுவே முதல்முறை.

"எனக்கு அரைகுறையா தெரியும்டி" என்றார் கடைசியில். "ஒம் புருஷன் வந்து, அசதியா இருக்கா அக்கா, என்ன பண்றதுன்னு கேட்டான். சொல்லும்போது கண்ணு தரையில. நாலு பெத்தவளுக்கு அது புரியாதா? ஸ்டவுட்டு போட்டா சூடு வரும்னு நான்தான் சொன்னேன். நீ விழுந்தப்பதான், அட, பிள்ளதான் போலன்னு மாத்தி நெனச்சிட்டேன். கெட்டதுக்கா சொன்னேன்?"

"இல்ல அக்கா."

"நான் வருசத்துல எத்தன வெரதம் இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? வெள்ளி, செவ்வா, கார்த்திக, சஷ்டி, அமாவாச. ஊரே என்ன பக்தின்னு சொல்லும்." ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தார். "பாதி சாமிக்கு இல்லடி. எங்க வீட்டு மனுசன் நல்ல மனுசன். எனக்குத்தான் ஒண்ணும் வரல. யாருகிட்ட போயி சொல்ல? சாமி பேரச் சொல்லித் தப்பிச்சேன்."

விக்னேஸ்வரி கீரைக்கட்டில் பாதியை எடுத்துத் தன் பக்கம் வைத்து ஆயத் தொடங்கினாள்.

"அந்த மாத்திர எனக்குக் குடுப்பாங்களா?" என்று வடிவம்மாள் கேட்டார்.

"மாசாமாசம் வர்றது நிக்காதவங்களுக்குத்தானாம் அக்கா."

"அடப் போடி. பஸ்ஸு போயிருச்சுன்னு சொல்லு." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பலகைக்கு அந்தப் பக்கம் திருமாறன் என்னவோ ஏதோவென்று எழுந்து வந்தான். மறுநாள் ஃபேக்டரியில் பிள்ளைப் பேச்சு நின்றுபோயிருந்தது. வேறு எந்தப் பேச்சும் அதன் இடத்தில் வரவில்லை. அக்கா எப்படி நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மாத்திரை தையல் பெட்டியிலிருந்து சமையலறை அலமாரிக்கு, கறுப்பு பாட்டில் நின்ற இடத்துக்கு வந்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் திருமாறனே வெந்நீரோடு எடுத்துவந்து கொடுப்பான். ஓட்டத்தில் இருந்தால் ஒன்பது மணிக்குப் போன் வரும். "போட்டியா?" "போட்டேன்." "படு." அவ்வளவுதான் பேச்சு. மெத்தை மறுவாரமே உள்ளே வந்துவிட்டது. வெறுமனே படுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், தனுஜாவைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி. அவன் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் இருப்பது போல் காட்டவில்லை. அந்த நிம்மதியே அவளுக்குப் போதும் என்றிருந்தது. ஆனால் போதாது என்றும் எங்கேயோ ஒன்று சொன்னது. அந்தச் சொல்லைக் கேட்டு அவள் ஆச்சரியப்பட்டாள்.

ஆறாவது வாரம், ஓட்டம் முடிந்து வந்து லோரி கழுவிக்கொண்டிருந்தவன் கழுத்தில் வியர்வை இறங்குவதை அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு தீய்ந்தது. ஏழாவது வாரம் அவன் லோரி ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது, அவள் சோற்றைப் பற்றி நினைக்கவில்லை. பழைய வெள்ளமாக இல்லைதான். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, கொஞ்சம் என்றுதான் சொன்னார். குளிர்காயக் கொஞ்சம் தணல் போதாதா?

எட்டாவது வாரம் டாக்டரிடம் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் திருமாறன் கோலாலம்பூர் ஓட்டத்தில் இருந்தான். சாயங்காலம் ஆறு மணி. வேலை முடிந்து வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்கியிருந்தது. எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். இன்றைக்கு அவள் போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"என்னா விக்னா, என்ன ஆச்சு?" அவன் பதறினான். பின்னால் சந்தை இரைச்சல். "மயக்கமா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன். எறக்கிட்டீங்களா?"

"இப்பத்தான் எறக்கினேன். ஏன், ஏதும் வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க."

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. பத்தொன்பது வருடத்தில் இந்தக் குரலை அவன் எப்போது கேட்டிருந்தான் என்று தேடிக்கொண்டிருந்தான் போலும். கிடைத்துவிட்டது.

"இப்பவே கெளம்புறேன்" என்றான்.

"ஏங்க, வளைவுல எல்லாம் மெதுவா வாங்க."

"சரி."

"ஆனா சீக்கிரம் வாங்க."